இருபத்தோராம் உறை

மே மாதம் பனி விலகியதும்
ஔலு நகரத்துக் கொல்லைகளில்
ட்ரம்போலின்கள் முளைக்கும்.
அடுத்த வாரமே முன்கைகள் வரத் தொடங்கும்.

நான் வெட்டுபவள் அல்ல, தைப்பவளும் அல்ல,
உறை பிரிப்பவள்.
உள்ளே ஒரு சீட்டு:
உலோகம்.
அல்லது, கரைவது.

அன்று ஒரே பிற்பகலில் இருவர்.
பிஹ்லாவும் ஆர்னியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.
ஒரே துள்ளலில் எழும்பி
நடுவானில் முட்டிக்கொண்டு
ஆளுக்கொரு திசையில் விழுந்திருக்கிறார்கள்.
அவளுக்கு இடக்கை, அவனுக்கு வலக்கை.
பச்சைக் கொப்பை முறுக்கினாற்போல்
நாரோடு தொங்கும் எலும்புகள், இரண்டிரண்டு.

இருபதாம் உறை: உலோகம்.
இருபத்தொன்று: கரைவது.

ஆர்னியின் தாய் தூலியா
கப்பல் பட்டறையில் பற்றவைப்பவள்.
ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்,
மெழுகுவத்தித் திரி போல, வெள்ளையாய், கனமே இல்லாமல்.
"இதை நம்பியா?"
கையெழுத்தை அடித்துவிடலாம், உரிமை உண்டு என்றேன்.
பேனாவைத் திறந்தாள்.
"உலோகம் என்றால் மறுபடி மயக்கம் கொடுப்பீர்களா?"
"எடுக்கும்போது, ஆமாம்."
வெகுநேரம் கழித்து
மூடியைத் தேடி மூடினாள்.

படத்தில் பிஹ்லாவின் கை
இரண்டு வெள்ளைக் கோடு போட்ட பாதை.
ஆர்னியின் கையில் எதுவுமில்லை,
நுனியில் மட்டும்
பேன் முட்டை அளவுக்கு ஒரு புள்ளி.
வகுப்பில் ஒருவரும் நம்பவில்லையாம்.

பிஹ்லாவுக்கோ மணிக்கட்டில் தோலுக்கடியில்
ஆணியின் வால் முண்டும்.
குளிர்கோட்டின் கை உரச
நடக்கும் வழியெல்லாம் முனகல்.
டிசம்பரில் மறுபடி மயக்கம், மறுபடி தையல்.
கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி:
"என்னுடையது எங்கே?"
கழுவி, ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்தோம்.
வார்டு முழுக்கக் குலுக்கிக்கொண்டே போனாள்.

ஆர்னியும் அதையே கேட்டான்.
நீர் மெல்ல உள்ளே போகும், உடைக்கும்,
ஓடும்போது கால் தசை சுரக்கும் புளிப்பாக மாறும்,
பிறகு மூச்சில் வெளியேறும் என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு காகம் கரைந்தது.
அவன் வாசலுக்கு ஓடினான்.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஊதினான். வெள்ளையாய் எழுந்தது.
"இதுவா?"
"அதில் கொஞ்சம் இருக்கலாம்."
தலை சுற்றும்வரை ஊதினான்.

இரண்டு ஆண்டு கழிந்தது.
காசு வாங்குவதுபோல் உள்ளங்கை மேலே,
மேளம் தட்டுவதுபோல் கீழே,
கோணமானியால் அளக்கிறேன்.
இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை.
கரையும் என்றதும் முழுக்கக் கரைந்துவிடவில்லை,
காந்தப் படத்தில் இன்னும் ஒரு மங்கல் கோடு.
முப்பத்துநான்காம் உறைச் சிறுவன் மூன்றாம் மாதத்தில்
ஏரிப் பனியில் சறுக்கி விழுந்தான்.
எலும்போடு ஆணியும் ஒடிந்தது.
எழுதினேன். அந்தக் கட்டத்தை நான்
தினமும் ஒருமுறை பார்க்கிறேன்.

எது நல்லது என்று கேட்கிறார்கள் பெற்றோர்கள்.
தூலியா சொன்னதைத்தான் சொல்கிறேன்:
"வேலை முடிந்ததும் தானாகப் போய்விடுவது நல்ல குணம்தான்.
ஆனாலும் அதை வைத்து நான் கப்பல் கட்டமாட்டேன்."

கடைசிப் பரிசோதனை.
இருவரும் ஒன்றாகவே வந்தார்கள்.
பிஹ்லாவின் பையில் ஜாம் பாட்டில்,
குலுக்கினால் முன்போல் சத்தம் இல்லை.
ஒன்றுதான் கிடந்தது.
மற்றொன்று ஆர்னியின் சட்டைப் பையில்,
மேல்நுனி பேனா போல வெளியே நீட்டியபடி.
"பள்ளியில் காட்ட," என்றான்.

இருபதிலிருந்து இருபத்தொன்றுக்கு
ஓர் ஆணி குழு மாறியிருக்கிறது.
விதிப்படி நான் பதிய வேண்டும்.
கையைத் திருப்பச் சொன்னேன்.
மேலே. கீழே.
எண்பத்தைந்து டிகிரி என்று மட்டும் எழுதினேன்.